கம்பிக்கு இந்தப் பக்கம்

ஃப்ரெட் ஹான்சன் 1964 அக்டோபர் 17 அன்று பகலில் போட்டியைத் தொடங்கினார். தங்கம் அவருடையது என்று முடிவானபோது டோக்கியோவில் இரவு பத்து மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். வெயில் போய், இருட்டி, விளக்குகளைப் போட்டு, குளிரில் போர்வைக்குள் காத்திருந்து, மறுபடி கோலைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். 1896 முதல் அதுவரை ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டும் தங்கம் அமெரிக்காவைத் தவிர வேறெங்கும் போனதில்லை. அந்தச் சுமையும் ஹான்சனின் தோளில் இருந்தது.

எதிரில் ஜெர்மானியர் வொல்ஃப்காங் ரைன்ஹார்ட். 5.05 மீட்டரைத் தாண்டாமல் விட்டுவிட ஹான்சன் முடிவு செய்தார். ரைன்ஹார்ட் அதைத் தாண்டி முன்னுக்கு வந்துவிட்டார். அடுத்து 5.10. இருவருக்கும் இரண்டு முயற்சிகள் பொய்த்தன. மூன்றாவதில் ஹான்சன் மேலே போனார், கம்பி அசையாமல் நின்றது. ரைன்ஹார்டால் முடியவில்லை. ஒரே ஒரு தாண்டலில் அறுபத்தெட்டு ஆண்டு மரபு பிழைத்தது.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர். அவர் சொல்லும்போது ஹான்சனும் ரைன்ஹார்டும் பக்கத்து ஊர்க்காரர்கள்போல இருப்பார்கள். எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு மூங்கில் கழி, மணலும் மரத்தூளும் கொட்டிய ஒரு பள்ளம், இரண்டு மரக்கம்பங்களுக்கு நடுவே ஒரு குறுக்குக் கம்பி. மணலில் இறங்குவதால் எப்படியும் காலில்தான் விழவேண்டும் என்பது முதல் பாடம். முதுகில் விழலாம் என்று நினைப்பவனை மாஸ்டர் கழியைத் தொடவே விடமாட்டார். மூங்கில் வளையாது என்று சொல்ல முடியாது, வளையும். ஆனால் கண்ணாடி இழைக் கோலைப்போல வில்லாய் மடிந்து, ஓடிவந்த வேகத்தையெல்லாம் தனக்குள் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ஆளை மேலே எறியாது. மூங்கிலில் தாண்டுகிறவன் தன் கைகளாலும் வயிற்றாலும்தான் மேலே போகவேண்டும்.

அதனால்தான் கார்னீலியஸ் வார்மர்டாம் என்ற பெயருக்கு மாஸ்டர் தனி மரியாதை வைத்திருந்தார். கலிஃபோர்னியாவில் பிறந்த அந்த மனிதர் 1942-ல் மூங்கில் கோலோடு 4.77 மீட்டர் தாண்டினார். அந்தச் சாதனையை 1957 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை. ஆனால் வார்மர்டாம் ஒரு ஒலிம்பிக்கில்கூட ஓடியதில்லை. அவர் உச்சத்தில் இருந்தபோது போட்டியே நடக்கவில்லை, போர் நடந்தது. 1940 ஒலிம்பிக் நடக்கவேண்டிய நகரம் எது தெரியுமா? டோக்கியோ. சீனாவோடு போரில் இறங்கியிருந்த ஜப்பான் 1938-லேயே அதைக் கைவிட்டது.

அந்த நடக்காத போட்டியைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அதில் வார்மர்டாம் மட்டுமல்ல, இரண்டு ஜப்பானியர்களும் நின்றிருக்கக்கூடும். ஷூஹெய் நிஷிதா, சுவெயோ ஓயெ. 1936 பெர்லினில் அமெரிக்காவின் ஏர்ல் மெடோஸ் 4.35 தாண்டித் தங்கம் வாங்க, இந்த இருவரும் 4.25-ல் நின்றார்கள். யாருக்கு வெள்ளி, யாருக்கு வெண்கலம் என்று தீர்க்கத் தங்களுக்குள் மறுபடி தாண்ட அவர்களுக்கு மனமில்லை. நிஷிதாவுக்கு வெள்ளி, ஓயெக்கு வெண்கலம் என்று பதிவானது. ஊர் திரும்பியதும் இரண்டு பதக்கங்களையும் ஒரு நகைக்கடையில் கொடுத்து நடுவே வெட்டி, பாதி வெள்ளி, பாதி வெண்கலமாக ஒட்டவைத்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஓயெ 1941 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் போர்முனையில் இறந்துபோனார். நிஷிதா 1997 வரை இருந்தார். 1951-ல் புதுடெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு வந்து, நாற்பது வயதைத் தாண்டிய நிலையிலும் வெண்கலம் வாங்கிப் போனார். அந்த மனிதர் நம் நாட்டு மண்ணில் கோலோடு ஓடியிருக்கிறார் என்று படித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் போகவில்லை.

நான் கண்ணால் பார்த்த முதல் பெரிய போட்டி 1988 சோல். தூர்தர்ஷனில், பக்கத்து வீட்டுக் கூடத்தில், கறுப்பு வெள்ளையில். செர்கெய் புப்கா அப்போதே கதைகளில் வருகிற ஆள். பத்தொன்பது வயதில், 1983 ஹெல்சிங்கியில் நடந்த முதல் உலகத் தடகளப் போட்டியில் 5.70 தாண்டி வென்றவர். 1985-ல் பாரிஸில் ஆறு மீட்டரை முதன்முதலாகத் தாண்டியவர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கை சோவியத் ஒன்றியம் புறக்கணித்ததால் அங்கே அவர் போகவில்லை. சோலில் 5.90-ல் இரண்டு முறை தவறி, கடைசி முயற்சியில் தாண்டினார். வெள்ளி ரோதியோன் கத்தாவுலினுக்கு, வெண்கலம் கிரிகோரி யெகொரோவுக்கு. மூவர் மார்பிலும் ஒரே நாட்டின் எழுத்து, மேடைக்கு மேலே ஒரே கொடி மூன்று. சில ஆண்டுகளில் அந்த நாடே இல்லாமல் போனது. புப்கா உக்ரைனுக்கும், கத்தாவுலின் ரஷ்யாவுக்கும், யெகொரோவ் கஜகஸ்தானுக்கும் ஆடினார்கள்.

புப்காவின் கையில் ஒலிம்பிக் தங்கம் அந்த ஒன்றுதான். உலகப் போட்டியில் தொடர்ந்து ஆறு முறை வென்றவர், அரங்கிலும் வெளியிலுமாக முப்பத்தைந்து முறை உலகச் சாதனை படைத்தவர், 1992 பார்சிலோனாவில் ஒரு உயரத்தைக்கூடத் தாண்டாமல் வெளியேறினார். 1996 அட்லாண்டாவில் குதிகால் காயம், ஓடவே இல்லை. 2000 சிட்னியில் தகுதிச் சுற்றிலேயே முடிந்தது. எவ்வளவு பெரிய வீரனுக்கும் மூன்று முயற்சிகள்தான். அவன் முதல் கம்பியை எந்த உயரத்தில் வைக்கச் சொல்கிறானோ அங்கேயே எல்லாம் முடிந்துபோகலாம். கீழே தொடங்கினால் கால் களைக்கும், மேலே தொடங்கினால் ஒன்றுமில்லாமல் வீடு திரும்பவேண்டியிருக்கும்.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த இடம் இந்தக் கணக்கு. நூறு மீட்டர் ஓட்டத்தில் யோசிக்க நேரமில்லை. இங்கே மணிக்கணக்காக உட்கார்ந்து யோசிக்கிறார்கள். எதிரி ஒரு உயரத்தைத் தாண்டிவிட்டால் நான் அதை முயல்வதா, விட்டுவிட்டு மேலே போவதா? இரண்டு தவறிவிட்டன, மிச்சமிருக்கும் ஒன்றை இங்கே செலவழிப்பதா, அடுத்த உயரத்துக்கு எடுத்துப்போவதா? காற்று எதிரே அடிக்கிறதா, பின்னால் அடிக்கிறதா? கோல் விறைப்பானதா, இளகியதா? இத்தனையும் முடிவாகி ஓடத் தொடங்கினால், கோலின் முனை அதை ஊன்றும் பெட்டியில் மோதும் நொடியில் உடம்பு மட்டும்தான் மிஞ்சுகிறது.

1991-ல் உலகத் தடகளப் போட்டி டோக்கியோவுக்கு வந்தது. ஹான்சன் வென்ற அதே அரங்கம். அந்தப் போட்டி தொடங்கிய மறுநாள், ஆகஸ்ட் 24 அன்று, உக்ரைன் விடுதலையை அறிவித்தது. புப்கா சோவியத் பனியனோடுதான் ஓடினார். குதிகாலில் வலி. ஹங்கேரியின் இளைஞர் இஸ்த்வான் பாக்யுலா 5.90 தாண்டி முன்னால் நிற்கிறார். புப்காவிடம் ஒரே ஒரு முயற்சி மிச்சம். கம்பி 5.95-ல். அவர் தாண்டிய படத்தை நான் பிறகுதான் பார்த்தேன். உடம்புக்கும் கம்பிக்கும் நடுவே இருந்த இடைவெளி அவ்வளவு பெரியது. அந்த வாரத்தில் கார்ல் லூயிஸ் நூறு மீட்டரை 9.86 நொடியில் ஓடினார், மைக் பவல் நீளம் தாண்டுதலில் 8.95 போனார். எங்கள் ஊர் நூலகத்துக்கு வந்த நாளிதழ்களில் அவர்களுக்குத்தான் பெரிய எழுத்து. புப்காவுக்குக் கிடைத்தது சில வரிகள். அந்தச் சில வரிகளைத் தேடிப் படிப்பதற்காகவே நூலகம் திறக்கும் முன் வாசலில் நின்றேன்.

அந்தக் காலத்தில் போட்டி என்றால் பகை என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பாடம். 1980 மாஸ்கோவின் கதை அதற்குச் சாட்சி. போலந்தின் விளாடிஸ்வாவ் கொசாகியேவிச் ஓடத் தொடங்கும்போதெல்லாம் உள்ளூர்க் கூட்டம் சீட்டியடித்துக் கூச்சலிட்டது. அவர்களுடைய ஆள் கொன்ஸ்தான்தீன் வோல்கோவ் வெல்லவேண்டுமே! கொசாகியேவிச் தாண்டிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து முழங்கையை மடக்கி ஓர் அடாவடிச் சைகை காட்டினார். பிறகு 5.78-ல் உலகச் சாதனையும் படைத்தார். பதக்கத்தைப் பறிக்கவேண்டும் என்று சோவியத் தூதர் கேட்டதும், தசைப்பிடிப்பால் கை அப்படி மடங்கியது என்று போலந்து தரப்பு பதில் சொன்னதும் வரலாறு. மாஸ்கோவின் அதிகாரத்துக்குக் கீழே இருந்த போலந்து மக்களுக்கு அந்த முழங்கை ஒரு தேசியச் சின்னமானது. இன்றும் போலந்து மொழியில் அந்தச் சைகைக்கு அவர் பெயர்தான்.

அது ஆட்சிகளின் பகை, பழைய காலம் என்று தள்ளிவிட முடியாது. 2016 ரியோவில் பிரான்ஸின் ரெனோ லவிலெனி, லண்டனில் தங்கம் வாங்கியவர், கடைசித் தாண்டலுக்கு ஓடும்போது கூட்டம் அவரை இகழ்ந்து ஊளையிட்டது. பிரேசிலின் தியாகோ பிராஸ் 6.03 தாண்டிவிட்டார், அவரை யாரும் முந்திவிடக் கூடாது. மறுநாள் வெள்ளிப் பதக்க மேடையிலும் அதே ஊளை. லவிலெனி அழுதுவிட்டார். அவரைத் தேற்றியவர்களில் புப்காவும் ஒருவர்.

இந்த இருவருக்கும் நடுவே உள்ள கதை எனக்கு மிகவும் நெருக்கமானது. புப்கா 1993 பிப்ரவரியில் டோனெட்ஸ்க் நகரில் உள்ளரங்கத்தில் 6.15 தாண்டினார். அடுத்த ஆண்டு இத்தாலியின் செஸ்த்ரியேரில் திறந்தவெளியில் 6.14. இருபத்தோரு ஆண்டுகள் யாரும் அந்த 6.15-ஐத் தொடவில்லை. நான் படித்து முடித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, பிள்ளைகள் வளர்ந்து, தலை நரைக்கும்வரை அந்த எண் அப்படியே நின்றது. 2014 பிப்ரவரி 15 அன்று, அதே டோனெட்ஸ்க்கில், புப்கா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, லவிலெனி 6.16 தாண்டினார். முதல் ஆளாக எழுந்து கைதட்டத் தன் ஊரிலேயே புப்காவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. சில மாதங்களுக்குள் அந்த நகரம் போர்க்களம். புப்கா பிறந்த லுஹான்ஸ்க்கும் அப்படியே. அந்த இரவுக்குப் பிறகு டோனெட்ஸ்க்கில் அதுபோல் ஒரு போட்டி நடக்கவில்லை. உலகத்தின் சிறந்த தாண்டல் வீரர்கள் ஆண்டுதோறும் வந்துபோன ஊர் அது. தடகளத்தில் உக்ரைன் இழந்தவற்றைக் கணக்கிடுகிறவர்கள் இதையும் எழுதிக்கொள்ளவேண்டும்.

பிறகு அர்மாண்ட் டுப்ளாண்டிஸ் வந்தார், எல்லோரும் மொண்டோ என்று கூப்பிடும் பையன். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லஃபாயெட் என்ற ஊர். அப்பா கிரெக் 5.80 தாண்டிய கோலூன்றி வீரர், அம்மா ஹெலேனா ஸ்வீடனில் ஏழு போட்டித் தடகளம் ஆடியவர். வீட்டுக் கொல்லையிலேயே ஓடுபாதை, மெத்தை, கம்பி. அம்மாவின் நாட்டுக்காக ஆடுவது என்று முடிவு செய்தார். 2020 பிப்ரவரியில் போலந்தின் தொரூன் நகரில் 6.17. ஒரு வாரம் கழித்துக் கிளாஸ்கோவில் 6.18. அதன்பின் ஒவ்வொரு சென்டிமீட்டராக.

இந்த ஒவ்வொரு சென்டிமீட்டர் விஷயத்தைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். புப்காவின் காலத்திலும் சொன்னார்கள்: சாதனைக்கு ஊக்கத்தொகை உண்டு, அதனால் துண்டு துண்டாக விற்கிறார் என்று. எனக்கு இதில் துளியும் வருத்தமில்லை. ஓடுபாதையில் காலையும் முதுகையும் பணயம் வைத்து ஒருவன் உழைக்கிறான். கோல் உடைந்தால் கை கிழியும், பெட்டிக்கு மேலேயே சரிந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அவனுக்கு ஒரு சாதனைக்கு ஒரு கூலி என்று இருந்தால், அந்தக் கூலியை எத்தனை முறை வாங்க முடியுமோ அத்தனை முறை வாங்கிக்கொள்ளட்டும். மேலும் 6.20-க்கு மேல் ஒரு சென்டிமீட்டர் என்பது விளையாட்டு அல்ல. வேகமாக ஓடவேண்டும், பிடியை உயர்த்தவேண்டும், அந்த உயரப் பிடியைச் சமாளிக்க இன்னும் விறைப்பான கோலை எடுக்கவேண்டும், அதை வளைக்க மறுபடி இன்னும் வேகம். டுப்ளாண்டிஸின் ரகசியம் முதலில் அவருடைய கால்தான். 2024-ல் ஜூரிக்கில் தடை ஓட்ட வீரர் கார்ஸ்டன் வார்ஹோல்மோடு பந்தயம் வைத்து நூறு மீட்டரை 10.37 நொடியில் ஓடி ஜெயித்திருக்கிறார்.

2021-ல் டோக்கியோவில் அவர் ஒலிம்பிக் தங்கம் வாங்கியபோது அரங்கத்தில் பார்வையாளர்களே இல்லை. பழைய அரங்கத்தை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பெருந்தொற்று அதைக் காலியாக வைத்திருந்தது. 6.02-ல் தங்கம் உறுதியானபின் 6.19-க்கு முயன்றார், முடியவில்லை. அவர் ஓடும் காலடிச் சத்தம் ஒலிபெருக்கியில் எனக்கு வீட்டில் கேட்டது. கைதட்டக் கூட்டமில்லாமல் அந்த உயரத்துக்கு ஓடுவது எவ்வளவு கடினம் என்று அன்று புரிந்தது. இந்த விளையாட்டில் வீரன் தலைக்குமேல் கைகொட்டிக் கூட்டத்திடம் தாளம் கேட்பான். அந்தத் தாளத்திலேயே ஓட்டம் தொடங்கும்.

2025 செப்டம்பர் 15 அன்று அதே அரங்கத்தில் அந்தத் தாளம் கிடைத்தது. உலகத் தடகளப் போட்டியின் இறுதி, நமக்கு மாலை நேரம், அங்கே இரவு. மற்ற போட்டிகள் முடிந்தபின்னும் கூட்டம் எழுந்து போகவில்லை. ஆஸ்திரேலியாவின் கர்டிஸ் மார்ஷல் 5.95-ல் வெண்கலம், கிரீஸின் இம்மானுவெல் காராலிஸ் 6.00-ல் வெள்ளி. டுப்ளாண்டிஸ் 6.15 தாண்டித் தங்கத்தை எடுத்துக்கொண்டார். பிறகு கம்பியை 6.30-க்கு வைக்கச் சொன்னார். இரண்டு முறை கம்பி விழுந்தது. அந்த இடைவெளியில் காராலிஸ், சற்றுமுன்வரை அவரோடு பொருதித் தோற்றவர், ஒரு கையடக்க மின்விசிறியைப் பிடித்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். மூன்றாவது முயற்சியில் கம்பி அசைந்தது, விழவில்லை. மற்ற வீரர்களெல்லாம் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார்கள்.

இவர்களுக்கு வெல்லும் வெறி போதாது என்று என்னோடு படித்த ஒருவர் அன்றிரவு தொலைபேசியில் சொன்னார். பழைய காலத்தில் இப்படி இருந்ததா என்று கேட்டார். நான் அவருக்கு நிஷிதாவையும் ஓயெயையும் நினைவூட்டினேன். பெர்லினில், அந்தக் கொடிய ஆண்டுகளின் நடுவே, இரண்டு பேர் தங்களுக்குள் மோத மறுத்தார்கள். கோலூன்றி வீரர்களின் இயல்பு அதுதான் என்று நான் நம்புகிறேன். மணிக்கணக்காக ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள், ஒரே காற்றுக்குப் பயப்படுகிறார்கள், தங்களில் யாராவது தவறி விழுந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். ஐந்து மீட்டர் நீளக் கோல்களை விமான நிலையங்களில் ஏற்றி இறக்கப் படும் பாடும் எல்லோருக்கும் ஒன்றுதான். மாஸ்கோவிலும் ரியோவிலும் பகை வந்தது பார்வையாளர் வரிசையிலிருந்து. கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் அன்றும் இன்றும் ஒரே கூட்டம்.

ஆனால் நண்பர் சொன்னதில் ஒரு பாதி என்னை உறுத்துகிறது. 1964-ல் ஹான்சன் மூன்றாவது முயற்சிக்கு ஓடும்போது தங்கம் யாருக்கென்று தெரியாது. 1991-ல் புப்கா ஓடும்போதும் அப்படித்தான். 2025-ல் கம்பி 6.30-க்கு ஏறியபோது தங்கம் முடிவாகிச் சிறிது நேரமாயிற்று. அந்தத் தாண்டல் அதுவரை மனிதர்கள் தாண்டியவற்றிலேயே பெரியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை, கண்ணில் நீர் வந்தது. என்றாலும் அது ஒரு மனிதனுக்கும் ஒரு எண்ணுக்கும் நடுவே நடந்தது. இன்னொரு மனிதன் அந்த நேரத்தில் விசிறிக்கொண்டிருந்தான்.

உயரம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு வெளிநாட்டைப் பார்க்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த சிவா சுப்ரமணி 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் சர்வீசஸ் அணிக்காக 5.31 தாண்டினார். ஒலிம்பிக் தங்கத்துக்கு ஹான்சன் ஒன்பது மணி நேரம் போராடிய உயரத்தைவிட அது இருபத்தொரு சென்டிமீட்டர் மேலே. இன்றைய உலகப் போட்டியில் அந்த 5.31 தகுதிச் சுற்றைத் தாண்டப் போதாது. என் மூங்கில் கழிக் காலத்து மாஸ்டரிடம் இதைச் சொல்லியிருந்தால் முதல் பாதிக்குக் கைதட்டியிருப்பார், இரண்டாம் பாதியைக் கேட்டதும் எங்களை மைதானத்தைச் சுற்றி ஓடவைத்திருப்பார்.

2025 ஆகஸ்டில் காராலிஸ் தன் நாட்டில் 6.08 தாண்டியிருக்கிறார். திறமையும் துணிவும் உள்ள இளைஞர், இன்னும் நல்ல வயது. அவர் ஒருநாள் பெரிய போட்டி ஒன்றில் 6.15-ஐ முதல் முயற்சியில் தாண்டவேண்டும். டுப்ளாண்டிஸ் அதில் தவறி, மிச்சமிருக்கும் முயற்சியை 6.20-க்கு எடுத்துப்போகவேண்டும். அப்போது யாருக்கு யார் விசிறுவது என்று பார்க்கவேண்டும்.